ஒரே பேரில் இரண்டு ஃபைல்

புதூர்நாட்டு ஜீப் ஸ்டாண்டில் இறங்கி அறக்கட்டளை ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். பதிவு மேசையில் இருக்கும் வடிவைப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னால், "அந்தம்மா கோவக்காரங்க, கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்று ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும். இது வடிவுக்கும் தெரியும். கோபம் தன்னுடையதில்லை, தான் பார்க்கிற வேலையுடையது என்பது அவள் கட்சி.

வயது நாற்பத்தொன்று. அடிவாரத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்தவரின் கடைசி மகள். பன்னிரண்டாவது முடித்ததும் திருப்பத்தூருக்கு பஸ்ஸில் போய் டைப்ரைட்டிங் கற்று ஹையர் பாஸ் பண்ணினாள். சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்த வருஷம், டைப்ரைட்டிங் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்கும் ஆபீஸ் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் மிச்சமில்லை. போர்வெல் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் தாண்டவராயனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கம்ப்யூட்டர் சென்டர் ஒன்று ஊருக்கு வந்தபோது கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதையும் கற்றாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் மலைமேல் இந்த ஆஸ்பத்திரியில் ரெஜிஸ்டர் எழுதும் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் வளைவு வளைவாகக் குலுங்கி ஏறுவதும், சாயங்காலம் நாலரை பஸ்ஸில் இறங்குவதும்தான் அவள் நாள்.

ஆஸ்பத்திரி சின்னதுதான். பன்னிரண்டு கட்டில், ஒரு டாக்டர், மூன்று நர்ஸ். ஆனால் அதை நம்பி நாற்பதுக்கு மேற்பட்ட குக்கிராமங்கள் இருந்தன. பாதி ஊர்களுக்கு ஜீப்பே முழுசாகப் போகாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முதல் பிரசவம் சிக்கலாக இருந்த பெண், ரோடு இல்லாத ஊர்க்காரி என்றால், பிரசவத்துக்குக் குறித்த தேதிக்குப் பத்து நாள் முன்பே அவளை ஜீப்பில் அழைத்து வந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் தங்கும் அறையில் வைத்துக்கொள்வார்கள். யாரை என்றைக்கு அழைத்து வருவது, அந்தப் பக்கம் போகிற ஜீப் யாருடையது என்பதையெல்லாம் ஆரம்பத்தில் வடிவு ரெஜிஸ்டரைப் புரட்டிப் புரட்டி எழுதி வந்தாள்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நவீன்குமார் என்ற இளம் இன்ஜினீயர் இரண்டு மாதம் தொண்டு செய்ய வந்து, இதற்கென்று ஒரு வலைத்தளம் செய்து கொடுத்துவிட்டுப் போனான். அது வெளியுலகத்துக்கானதல்ல. பதிவு அறை மூலையில் ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரு சர்வர், ஆஸ்பத்திரி வைஃபைக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்க்கும் சில பக்கங்கள். செவ்வாய்க்கிழமைதோறும் ஊர்ப் பணிப் பெண்கள் வந்து டேப்லெட்டில் தங்கள் ஊர்க் கர்ப்பிணிகளின் விவரத்தைப் பதிவார்கள். தினமும் காலை ஆறு மணிக்கு மெஷின் தானாகவே அந்த வாரம், செவ்வாயிலிருந்து திங்கள் வரை, அழைத்து வர வேண்டியவர்களின் பட்டியலைத் தயாரித்து பிரிண்டரில் ஒரு தாள் தள்ளும். டாக்டர் ஆனந்தி வந்ததும் முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான். ரெஜிஸ்டர் எழுதுவதை நிறுத்தி மூன்று வருஷமாகியிருந்தது.

நவீன்குமார் இப்போது வேறு தேசத்தில் இருக்கிறான். மெசேஜ் போட்டால் இரண்டு நாள் கழித்து பதில் வரும். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் இரண்டு நாள் காத்திருக்க வடிவுக்குப் பொறுமையில்லை. அதனால் அவன் எழுதியதைத் திறந்து, எந்த வரி என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்து, தானே கை வைக்கக் கற்றுக்கொண்டாள். அவன் எழுதியது பி.எச்.பி என்ற மொழியில். சாதாரணப் பக்கத்துக்கு நடுவிலேயே அந்த மொழியைச் செருகி எழுதலாம். ஒரு திறப்புக் குறி போட்டால் அங்கிருந்து சர்வர் அதை வாசகமாக எடுத்துக்கொள்ளாமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, வேலையை முடித்து, விடையை மட்டும் பக்கத்தில் காட்டும். வடிவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதை வைத்து ஏழு வருஷம் ஓட்டிவிட்டாள்.

போன ஆனி மாதத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வேலூரில் இருக்கும் அறக்கட்டளை ஆபீஸுக்கு அவள் எட்டு லெட்டர் போட்ட பிறகு, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவர்கள் அமர்த்திய கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து கோகுலகிருஷ்ணன் என்ற டெக்னீஷியன் புது மெஷினோடு வந்து இறங்கினான். ஃபைல்களை எல்லாம் புதியதில் ஏற்றினான். முகப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான். ஆஸ்பத்திரி பெயரும் மலைப் படமும் அழகாக வந்தன. பிரிண்டரை அடுத்த முறை வரும்போது மாட்டித் தருவதாகச் சொன்னான். உள்ளே இருக்கிற பக்கங்களையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போகும்படி வடிவு சொன்னாள். முகப்பு வந்தால் எல்லாம் வந்த மாதிரிதான் என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுநாள் செவ்வாய். பணிப் பெண்கள் பதினெட்டு பேர் வந்து டேப்லெட்டைத் திறந்தார்கள். பெயர்ப் பட்டியல் வரவில்லை. பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் நவீன்குமார் எழுதிய கட்டளைகளே வரிவரியாக, அடைப்புக் குறியும் அரைப்புள்ளியுமாக, திரை முழுக்க ஓடின. சமையற்காரர் சாப்பாட்டுக்குப் பதிலாக சமையல் குறிப்பைத் தட்டில் வைத்த மாதிரி இருந்தது. நாலாவது வரியில் டேட்டாபேஸின் பாஸ்வேர்டும் இருந்தது. இங்கிலீஷ் எழுத்தில் 'வடிவுகோபம்' என்றும் அதன் பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று என்றும். ஒரு பெண் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். அடுத்தவள் சிரித்தாள். பிறகு பதினெட்டு பேரும் சிரித்தார்கள்.

வடிவு போய் வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். டாக்டர் ஆனந்தி வந்து காரணம் கேட்டபோது, இந்த நிலையில் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து கர்ப்பிணிகளின் விவரம் எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று சொன்னாள். டாக்டர் ஒத்துக்கொண்டார். அன்றைக்குப் பதிவு கிடையாது என்றாகிவிட்டது. நர்ஸ் சரிதா ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு, பணிப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இந்த வாரம் யாரை அழைத்து வர வேண்டும் என்று வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். வராமல் இருந்தவள் புளிமரத்துக்கொல்லைப் பணிப் பெண் பூவிழி ஒருத்திதான். அவள் குழந்தைக்குக் காய்ச்சல்.

காலையில் தயாராகும் பட்டியலாவது ஒழுங்காக இருக்கிறதா என்று வடிவு அது விழும் ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். அதிலும் அதே கட்டளைக் குப்பைதான். மூடிவிட்டாள்.

கோகுலகிருஷ்ணனைக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரிக்குள் சிக்னல் கிடையாது. வழக்கமாக இருக்கும் இன்டர்நெட் கேபிளை ரோடு அகலப்படுத்த வந்த மண் தோண்டும் வண்டி ஒரு வாரத்துக்கு முன்னால் அறுத்துவிட்டிருந்தது. போன் பேச வேண்டுமானால் மேட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இருநூறு அடி ஏற்றம். முதல் முறை ஏறிக் கூப்பிட்டபோது, மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினீர்களா என்று கேட்டான். இறங்கிப் போய் ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள். இரண்டாவது முறை ஏறினபோது பிரவுசரின் பழைய நினைவை அழிக்கச் சொன்னான். அதையும் அழித்தாள். மூன்றாவது முறை அவன் எடுக்கவில்லை.

இனி இவனை நம்பிப் பயனில்லை என்று அவளே உட்கார்ந்தாள். முகப்புப் பக்கம் வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை. அப்படியானால் இரண்டுக்கும் ஏதோ வித்தியாசம் இருக்க வேண்டும். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் பிழை தேடிய கண். ஐந்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. முகப்பில் திறப்புக் குறி முழுசாக இருந்தது. ஒரு கோணக்குறி, ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி பி.எச்.பி என்று மூன்று எழுத்து. மற்ற ஃபைல்களில் நவீன்குமார் சோம்பல்பட்டு அந்த மூன்று எழுத்தைப் போடவில்லை. கோணக்குறியும் கேள்விக்குறியும் மட்டும். பழைய மெஷின் அந்தக் குட்டைக் குறியையும் ஏற்றுக்கொண்டது. புதியது ஏற்கவில்லை. குறியே இல்லை என்று நினைத்து எல்லாவற்றையும் வாசகமாகக் கொட்டிவிட்டது.

ஒரு ஃபைலில் மூன்று எழுத்தைச் சேர்த்துப் பார்த்தாள். அந்தத் துண்டு மட்டும் வேலை செய்தது. ஆனால் மொத்தம் அறுபத்து மூன்று ஃபைல், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடம், ஒன்றை ஒன்று கூப்பிடுகிற மாதிரி எழுதியிருந்தான். அவசரத்தில் ஓர் இடம் விட்டுப்போனாலும் விடை தப்பாக வரும். கர்ப்பிணியின் தேதி தப்பாக வருவதைவிட வராமல் இருப்பதே மேல்.

நாலாவது முறை மேட்டுக்கு ஏறினாள். கோகுலகிருஷ்ணன் எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரலில் தெளிவு வந்தது. அது ஒரே ஒரு செட்டிங்தான், குட்டைக் குறியை ஏற்கலாமா கூடாதா என்று ஒரு வரி இருக்கும், ஆஃப் என்று இருப்பதை ஆன் என்று மாற்றினால் போதும் என்றான். அந்த வரி எந்த ஃபைலில் இருக்கிறது என்று கேட்டாள்.

"மெஷினையே கேட்டுடுங்க மேடம். ஒரு கமாண்ட் சொல்றேன், அடிச்சீங்கன்னா எந்த ஃபைல்ல இருந்து செட்டிங் எடுக்குதுன்னு அதுவே சொல்லும்."

கமாண்டை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு இறங்கினாள். அடித்தாள். மெஷின் ஒரு ஃபைலின் பெயரையும் அது இருக்கும் இடத்தையும் சொன்னது. திறந்தாள். ஆயிரத்து எழுநூறு வரிக்கு மேல் இருந்த அந்த ஃபைலில் குட்டைக் குறியைப் பற்றிய வரி இருந்தது. ஆஃப். அதை ஆன் ஆக்கிச் சேமித்து, சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட்டு, பக்கத்தைத் திறந்தாள்.

அதே குப்பை.

பெரிய எழுத்தில் மாற்றிப் பார்த்தாள். சின்ன எழுத்தில் மாற்றிப் பார்த்தாள். ஆன் என்பதற்குப் பதில் ஒன்று என்ற எண்ணைப் போட்டாள். மெஷினையே அணைத்து எழுப்பினாள். நடுவில் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ் கூவிக்கொண்டே இருபது நிமிஷம் தாங்கிவிட்டு அணைந்தது. கரண்ட் வந்ததும் மறுபடி முதலில் இருந்து. மேட்டுக்கு இன்னும் மூன்று தடவை ஏறினாள். வரி ஆன் என்றுதான் இருக்கிறது என்று அவள் சொல்ல, அப்படி இருந்தால் வேலை செய்தே ஆக வேண்டும் மேடம் என்று அவன் சொல்ல, செய்யவில்லை என்று அவள் சொல்ல, செய்யாமல் இருக்க வாய்ப்பே இல்லை என்று அவன் சொல்ல, அன்றைய நாள் முடிந்தது. வீட்டுக்குப் போனதும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாண்டவராயன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தார். முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாமே என்று சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். எழுதிக் கொடுக்கலாம், ஆனால் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் யார் இருக்கிறார்கள் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

புதன்கிழமை காலை டாக்டர் ஆனந்தி பதிவு அறை வாசலில் வந்து நின்றார்.

"வடிவக்கா, இன்னிக்குள்ள ஆயிடுமா?"

"ஆயிடும்னா ஆயிடும்னு சொல்ல மாட்டனா டாக்டர்? அது இன்னா நெனைக்குதுன்னே தெரியல எனக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. சரிதாவின் நோட்டில் இருக்கும் பெயர்கள் போதாது என்று தனக்குத் தோன்றுவதாகவும், வழக்கமாக வாரத்துக்கு ஐந்தாறு பேர் இருப்பார்கள், நோட்டில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதுவரை வடிவுக்கு இருந்தது எரிச்சல் மட்டும்தான். இப்போது பயமும் சேர்ந்துகொண்டது.

அன்று காலை மேலும் இரண்டு தடவை மேட்டுக்கு ஏறினாள். கோகுலகிருஷ்ணன் வேறு கிளையில் வேலையாக இருப்பதாகவும், வெள்ளிக்கிழமை நேரில் வருவதாகவும் சொன்னான். நவீன்குமாருக்கு முந்தின நாள் போட்ட மெசேஜ் இன்னும் படிக்கப்படவே இல்லை. பதினோரு மணிக்கு, பதினான்காவது தடவையாக அதே ஃபைலைத் திறந்து, அதே வரியைப் பார்த்தாள். ஆன். கண்ணுக்கு முன்னால் ஆன் என்று இருக்கிறது. கீபோர்டைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக அந்த வரிக்குக் கீழே திறப்பு அடைப்புக் குறிகளாக ஒரு வரிசை முழுக்கத் தட்டினாள். அதற்குக் கீழே தமிழிலேயே, 'இத்த நீ படிக்கிறியா இல்லியா' என்று அடித்தாள். சேமித்து சர்வரை மறுபடி ஓடவிட்டாள். செட்டிங் ஃபைலில் கண்டதை எழுதி வைத்தால் பி.எச்.பி புகார் சொல்லும், இத்தனாவது வரி புரியவில்லை என்று பிழைப் பதிவில் எழுதி வைக்கும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். திட்டாவது திட்டட்டும் என்றுதான் செய்தாள்.

பிழைப் பதிவைத் திறந்து பார்த்தாள். சர்வர் நின்றது, சர்வர் எழுந்தது. அவ்வளவுதான். ஒரு புகாரும் இல்லை.

இத்தனை கன்னாபின்னாவைப் படித்துவிட்டு ஒரு மெஷின் சும்மா இருக்காது. அப்படியென்றால் சர்வர் இந்த ஃபைலைப் படிக்கவே இல்லை. நேற்றிலிருந்து பதினான்கு தடவை அவள் திருத்தியது சர்வர் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு ஃபைலை.

முதலில் அடைப்புக் குறிகளையும் தன் கேள்வியையும் அழித்தாள். பிறகு, இதே பெயரில் மெஷினில் வேறு ஃபைல் எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொன்னாள். இரண்டு வரி வந்தது. ஒன்று அவள் திருத்தியது. இன்னொன்று, சர்வரின் பெயரையே வைத்திருந்த பக்கத்து ஃபோல்டருக்குள் இருந்தது. அதைத் திறந்தாள். அதிலும் அதே ஆயிரத்து எழுநூறு வரி. குட்டைக் குறிக்கு ஆஃப்.

விஷயம் இப்போது புரிந்தது. பி.எச்.பி இரண்டு விதமாக ஓடும். டேப்லெட்டில் யாராவது ஒரு பக்கத்தைக் கேட்டால் சர்வருக்கு உள்ளே உட்கார்ந்து ஓடும். யாரும் கேட்காமல், கட்டளையாக அடித்தாலோ குறித்த நேரம் வந்தாலோ, வெளியே தனியாக ஓடும். இரண்டுக்கும் தனித்தனி செட்டிங் ஃபைல், பெயர் மட்டும் ஒன்று. கோகுலகிருஷ்ணன் சொன்ன கமாண்டை அவள் தனியாக அடித்தாள், அதனால் தனியாக ஓடுவது தன்னுடைய ஃபைலின் முகவரியைச் சொன்னது. அது பொய் சொல்லவில்லை. கேட்ட இடம்தான் தப்பு.

சரியான ஃபைலில் கை வைக்கப் போனவள் நின்றாள். இந்த மெஷினில் தனியாக ஓடுகிற வேலை எது? காலை ஆறு மணிப் பட்டியல். செவ்வாய்க்கிழமை காலை அது குப்பையாக வந்தது, உண்மை. ஆனால் செவ்வாய் மத்தியானமே அதற்கான ஃபைலில் ஆன் போட்டாகிவிட்டது. அப்படியானால் இன்று காலை?

பட்டியல் விழும் ஃபோல்டரைத் திறந்தாள். புதன்கிழமை தேதி போட்ட பட்டியல், ஆறு மணி ஒரு நிமிஷத்துக்குத் தயாரானது, சுத்தமாக, பெயரும் ஊரும் வரிசையாக இருந்தது. பிரிண்டர் மாட்டாததால் தாள் வரவில்லை. தாள் வராததால் யாரும் தேடவில்லை. ஐந்து மணி நேரமாக அங்கேயே கிடந்திருக்கிறது.

அழைத்து வர வேண்டியவர்கள் ஐந்து பேர். மூன்று பேர் சரிதாவின் நோட்டில் இருந்தார்கள். நாலாவது பெண் நோட்டில் விட்டுப்போனவள், ஆனால் அவளை அழைத்து வர வேண்டியது சனிக்கிழமைதான். ஐந்தாவது வரியில் பச்சையம்மா, ஊர் புளிமரத்துக்கொல்லை. முதல் பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு என்று குறிப்பு. அழைத்து வர வேண்டிய நாள் செவ்வாய். நேற்று.

வடிவு பட்டியலைக் கையால் எழுதிக்கொண்டு டாக்டரின் அறைக்குப் போனாள். உள்ளே ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காத்திருக்காமல் மேசைமேல் தாளை வைத்து ஐந்தாவது வரியில் விரலை வைத்தாள்.

"பூவிழி ஊரு. நேத்து அவ வரல. அதான் நோட்ல ஏறல."

டாக்டர் ஒரு தரம் படித்தார்.

"சின்னதம்பி அண்ணன் எங்க?"

சின்னதம்பி அந்தப் பக்கத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றார். வடிவு போய் விஷயத்தைச் சொன்னதும், மூட்டையை இறக்க வேண்டும் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. பின்சீட்டில் இருந்த இரண்டை மட்டும் மேலே தூக்கிப் போட்டுவிட்டு, சரிதாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஜீப் போகிற வரைக்கும் போய், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் அந்த ஊரை எட்ட முடியும். எப்படியும் நாலு மணி நேரம்.

அந்த நாலு மணி நேரத்தில் வடிவு செய்ய வேண்டிய வேலை ஒரு நிமிஷ வேலையாக இருந்தது. சரியான ஃபைலைத் திறந்தாள். ஆஃப் என்பதை ஆன் ஆக்கினாள். சர்வரை ஓடவிட்டாள். பக்கம் வந்தது. நாற்பது ஊர், நூற்றுப் பன்னிரண்டு பெண்கள், எல்லாம் அதனதன் இடத்தில். சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக ஒன்றரை நாள், ஒன்பது தடவை மேடு. டேட்டாபேஸின் பாஸ்வேர்டை மாற்றினாள், அதில் யாருடைய பெயரும் கோபமும் இல்லாதபடி. வைஃபை வயரைச் சொருகினாள். பிறகு கடைசியாக ஒரு தடவை மேட்டுக்கு ஏறி கோகுலகிருஷ்ணனிடம் இரண்டு ஃபைல் கதையைச் சொன்னாள்.

"ஓ, ஆமா மேடம். ரெண்டு இருக்கும். அப்ப கம்ப்ளெய்ன்ட் முடிஞ்சதுன்னு போட்டுடலாமா?"

"ரெண்டு இருக்கும்னு நேத்து சொல்லியிருந்தீங்கன்னா நேத்தே முடிஞ்சிருக்கும். நீங்க இன்னா வேணா போட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமை வந்து பிரிண்டரை மாட்டிட்டு, ஒவ்வொரு பக்கமா தெறந்து பாத்துட்டுதான் பஸ் ஏறணும். நான் பக்கத்துல நிப்பேன்."

அவன் சரிங்க மேடம் என்றான்.

நாலரை பஸ் போய்விட்டது. வடிவு ஏறவில்லை. ஐந்து மணிக்கு ஜீப் வந்தது. பச்சையம்மா முன்சீட்டில் சரிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. சாமைக் கொல்லையில் நின்றிருந்தவளை அப்படியே கூட்டி வந்ததாகச் சரிதா சொன்னாள். நேற்றே யாராவது வருவார்கள் என்று துணிமூட்டை கட்டி வைத்து, சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, இனி வர மாட்டார்கள் என்று அவிழ்த்துவிட்டாளாம். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார். அதிகமாக இருந்தது. அவளைத் தங்கும் அறைக்கு அனுப்பாமல் வார்டிலேயே படுக்க வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வலி கண்டது, நாளுக்கு ஒரு வாரம் முன்பே. டாக்டர் உடனே ஆம்புலன்ஸில் திருப்பத்தூருக்கு அனுப்பினார். அங்கே பெண் குழந்தை பிறந்தது. இந்த முறையும் ரத்தம் போனது, இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். அறக்கட்டளை ஆபீஸிலிருந்து, சர்வர் கோளாறு வெற்றிகரமாகச் சரிசெய்யப்பட்டது என்று கோகுலகிருஷ்ணனின் கம்பெனிக்கு நன்றி சொல்லி ஒரு மெயில் வந்தது. டாக்டர் அதற்கு என்ன நடந்தது என்று விவரமாக ஒரு பதில் எழுதி, வடிவின் பெயரை இரண்டு இடத்தில் போட்டார். நவீன்குமாரின் மெசேஜும் அன்றுதான் வந்தது. குட்டைக் குறி போட்டது என் தப்புதான், பாஸ்வேர்டை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டேன், மன்னிச்சிடுங்க அக்கா என்று.

மறுவாரத்திலிருந்து வடிவு அறுபத்து மூன்று ஃபைலையும் திறந்து, குட்டைக் குறி இருந்த ஒவ்வோர் இடத்திலும் மூன்று எழுத்தைச் சேர்க்க ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் ஒரே கமாண்டில் மாற்றிவிடலாம் என்று கோகுலகிருஷ்ணன் சொல்லியிருந்தான். அவள் அந்த யோசனையைக் கேட்டுக்கொண்டாள், செய்யவில்லை. தினமும் மூன்று ஃபைல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொன்றையும் மாற்றி, திறந்து பார்த்து, விடை சரிதானா என்று சோதித்து. ஒரு மாதம் ஆயிற்று. இனி எந்த மெஷின் வந்தாலும், அதில் எந்த ஃபைல் ஆனாக இருந்தாலும் ஆஃபாக இருந்தாலும், பக்கம் வரும்.

பச்சையம்மா குழந்தைக்கு இரண்டாவது தடுப்பூசி போட வந்த அன்று பதிவு மேசைக்கு வந்தாள். குழந்தை துணிச் சுற்றுக்குள் தூங்கியது. முடி அடர்த்தியாக இருந்தது. வடிவு ஊசி தேதியைப் பதிந்துகொண்டிருந்தபோது, தன் பெயர் அதில் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள். வடிவு திரையை அவள் பக்கம் திருப்பினாள். பச்சையம்மா எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து மெதுவாக வாசித்தாள். பெயர் சரி, ஊர் சரி. அடுத்த வரியில் விரல் நின்றது.

"இது எங்க வூட்டுக்காரர் பேரு இல்லீங்களே. எங்க கொழுந்தனார் பேரு."

"இன்னாது?"

"வூட்டுக்காரர் பேரு வடிவேலு. இதுல தம்பி பேரு போட்டுக்கீது."

"ஒம்போது மாசமா இப்பிடியேவா இருந்துச்சு?"

பச்சையம்மாவுக்கு அது எப்படித் தெரியும். யாரும் காட்டவில்லை, அவளும் பார்க்கவில்லை. வடிவு பணிப் பெண் பூவிழியை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிக்கொண்டே, அந்தப் பதிவை யார் போட்டது என்று பார்க்கும் பக்கத்தைத் திறந்தாள். தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி ஐம்பது நிமிஷம். பதிந்தவர், வடிவு.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு வடிவேலு என்று அடித்து, சேமித்து, பக்கத்தை மறுபடி திறந்து சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஊசி போடும் அறை இடது பக்கம், சரிதா இருப்பாள், குழந்தையை எழுப்பாமல் தூக்கிப் போ என்று சொன்னாள்.